மழை பொய்த்ததா, கணக்கு பொய்த்ததா? – கரிசல் பூமியின் பழைய வானிலையை வாசிப்பது குறித்து

1

சிவகாசியைப் பற்றி எழுதப்பட்ட ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அரசு அறிக்கையாக இருக்கலாம், முதலாளிகள் சங்கத்து மலராக இருக்கலாம், குழந்தை உழைப்பை எதிர்த்து நம் தோழர்கள் போட்ட துண்டறிக்கையாகவும் இருக்கலாம். முதல் பத்தி அநேகமாக ஒன்றுதான். மழை குறைந்த வறண்ட பூமி, விவசாயம் கைகொடுக்கவில்லை, பிழைக்க வேறு வழியில்லை, ஆகவே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. எதிரெதிர் முகாம்களில் நிற்பவர்கள்கூட இந்த ஒரு வாக்கியத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். அப்படி எல்லோரும் சம்மதிக்கிற வாக்கியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

இந்த வாக்கியத்தின் எழுவாய் மழை. குற்றவாளியும் மழைதான். 'மழை பொய்த்தது' என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பொறுப்பில்லை. கண்மாயைத் தூர்வாராமல் விட்டவன், தானியத்தைப் பூட்டி வைத்தவன், கூலியைக் குறைத்தவன் எல்லோரும் வாக்கியத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். அதேநேரம், மழை நிஜமாகவே பொய்த்த வருஷங்களும் இருந்திருக்கின்றன. 'எல்லாம் கட்டமைப்புதான்' என்று சொல்லி வானத்தையே பிரதியாக்கிவிட முடியாது. எந்த வருஷம் மழை தவறியது, எந்த வருஷம் மழை பெய்தும் ஜனங்கள் செத்தார்கள் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் நம் விமர்சனத்துக்குக் கால் இருக்கும். அதற்குப் பழைய மழையின் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை எடுக்கிற துறைக்கு வரலாற்றுக் காலநிலையியல் என்று பெயர். கருவி வைத்து அளக்காத காலத்தின் மழையையும் வெயிலையும், மனிதர்கள் வேறு காரியத்துக்காக எழுதி வைத்த காகிதங்களிலிருந்து மீட்டெடுப்பதே இதன் வேலை. சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டப்பட்டது 1792இல். அங்கே வானிலைக் குறிப்புகள் 1796 முதலும் மழைக்கணக்கு 1813 முதலும் தொடர்ச்சியாக உண்டு. இந்திய வானிலைத் துறை அமைக்கப்பட்டது 1875இல். அதற்கு முந்தைய காலத்துக்கும், கருவி வைக்காத ஊர்களுக்கும் காகிதம்தான் கதி. காகிதம் இல்லாத இடத்தில் மரவளையம், ஏரிப் படிவு, குகைச் சுண்ணாம்பு என்று இயற்கையின் பதிவேடுகளுக்குப் போகிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது காகிதம்.

பிரான்சில் எம்மானுவேல் லெ ருவா லதூரி 1967இல் எழுதிய காலநிலை வரலாறு இந்தத் துறையின் தொடக்க நூல்களில் ஒன்று. அனால் பள்ளியைச் சேர்ந்தவர் என்பதால் நம் வாசகர்களில் சிலருக்கு அறிமுகமாயிருப்பார். திராட்சை அறுவடை எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று ஊர்ச்சபைகள் வருஷாவருஷம் போட்ட உத்தரவுகள் அவருக்கு ஒரு முக்கியமான சான்று. வெயில் கூடினால் பழம் சீக்கிரம் பழுக்கும், தேதி முந்தும். அந்த உத்தரவை எழுதிய குமாஸ்தாவுக்குத் தான் ஒரு வெப்பமானி என்று தெரியாது. துறையின் அடிப்படை நுட்பம் இவ்வளவுதான். எழுதியவர் சொல்ல வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கவனிக்காமல் விட்டுச்சென்றதை வாசிப்பது. நாம் இலக்கியப் பிரதிகளில் செய்துகொண்டிருக்கிற வேலைதான் இது. இங்கே அதைத் தேதிபோட்டுச் செய்கிறார்கள்.

2

நம் பக்கம் என்ன காகிதம் இருக்கிறது? முதலில் கல். தஞ்சைப் பகுதித் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பஞ்சத்தில் ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அது பதிவு செய்கிறது. இதை மழைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? கல்லை வெட்டியவர்கள் மழையைப் பதிவு செய்ய வெட்டவில்லை. மூன்று மனிதர்கள் இனிக் கோயிலுக்குச் சொந்தம் என்கிற விற்பனைப் பத்திரம் அது. அரிசி விலை ஏறியிருந்தது என்பது உறுதி. மழை எவ்வளவு குறைந்தது என்பது அதிலிருந்து வராது.

அடுத்து, மதுரை மிஷனைச் சேர்ந்த ஏசுசபைப் பாதிரிமார்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள். மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய ஆர். சத்தியநாத அய்யர் 1924இல் வெளிவந்த தம் நூலில் இவற்றைப் பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார். பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் பற்றிய செய்திகள் இவற்றில் நிறைய. அதேநேரம் இவை பணமும் ஆளும் கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள். கஷ்டம் பெரிதாகத் தெரிய வேண்டிய தேவை எழுதியவருக்கு இருந்தது. வேதாகமத்தின் பஞ்சங்களும் பிரளயங்களும் அவருடைய மொழியிலேயே ஊறியிருந்தன. இறையனார் களவியல் உரை சொல்லும் பாண்டிய நாட்டுப் பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு என்பது கதையாடலின் எண். அதை வரைபடத்தில் புள்ளியாக வைக்கக்கூடாது. சென்னையில் 18ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்ட வானிலைக் குறிப்புகளைத் திரட்டி வால்ஷ், கிளாசர், மிலிட்சர் ஆகிய மூவர் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மாதிரி நாள்வாரிக் குறிப்பு கரையோரக் கோட்டைகளுக்குத்தான் வாய்க்கும். கரிசலில் உட்கார்ந்து தினமும் வானத்தைப் பார்த்து எழுத எந்தக் கம்பெனிக்கும் அவசியம் இருக்கவில்லை.

பிறகு தேதிச் சிக்கல். நம் ஜனங்கள் வருஷத்துக்குப் பெயர் வைத்தார்கள், எண் வைக்கவில்லை. 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் 1876-77. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை தாது திரும்பி வரும். 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. ஒரு கும்மிப் பாட்டோ ஏட்டுக் குறிப்போ வருஷப் பெயரை மட்டும் சொன்னால், வேறு சான்று இல்லாமல் நூற்றாண்டைத் தீர்மானிக்க முடியாது. சர்க்கார் கணக்கோ பசலியில் ஓடுகிறது. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. ஒரே பஞ்சத்தை ஒருவர் 1876 என்றும், இன்னொருவர் 1877 என்றும், மூன்றாமவர் தாது என்றும் எழுதி வைப்பார். பின்னால் வருகிற தொகுப்பாளர் மூன்றையும் தனித்தனியாக எண்ணிவிடுவார். தொகுப்பிலிருந்து தொகுப்புக்குப் போகப்போக ஒரு பஞ்சம் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். மூலத்துக்குத் திரும்பிப் போவது இந்தத் துறையில் முதல் விதி.

பஞ்சாங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று அதில் அச்சடித்திருக்கும். அது கணிப்பு, பெய்த மழையின் கணக்கு ஆகாது. ஆனால் வீட்டுக்காரர் அதே பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'இன்று நல்ல மழை, விதைப்பு' என்று கிறுக்கி வைத்திருந்தால் அந்தக் கிறுக்கல் தங்கம். அச்சைத் தள்ளிவிட்டு ஓரத்தை வாசிக்கணும்.

3

விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். இந்த மாவட்டம் 1985இல் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் பிறந்தது. அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். அதுவே 1910இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வெட்டி ஒட்டப்பட்டது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் அதுவரை திருநெல்வேலி ஜில்லா. ஆகவே சிவகாசியின் 19ஆம் நூற்றாண்டைத் தேடுகிறவர் 1879இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மேனுவலைப் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டையைத் தேடுகிறவர் ராமநாதபுரம் ஜமீன் காகிதத்துக்கும் 1868இல் வந்த நெல்சனின் மதுரை மேனுவலுக்கும் போக வேண்டும். இன்று ஒரே மாவட்டமாகத் தெரிகிற நிலம் மூன்று விதமான கணக்கர்களால் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஜமீனில் எழுதப்படாதது ரயத்துவாரியில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்ட இடத்தில் வறட்சி அதிகமாகவும் எழுதப்படாத இடத்தில் குறைவாகவும் தெரியும். அது வானத்தின் வேலை இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வருவாய்த் துறைக் காகிதத்தில் வறட்சியைத் தேடுகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது தீர்வை வஜா, அதாவது விளைச்சல் சாவியானதால் தள்ளிக்கொடுத்த வரி. வஜா கூடின வருஷம் மழை தவறிய வருஷம் என்று எடுத்துக்கொள்ளலாம், நியாயமான வழிதான். ஆனால் வஜா பிரதானமாக நஞ்சைக்கு உரியது. கண்மாய்த் தண்ணீரை நம்பிய நிலத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் தள்ளுபடி. புஞ்சைத் தீர்வை ஆரம்பத்திலேயே நல்ல வருஷம் கெட்ட வருஷம் பார்த்துச் சராசரியாகப் போட்டாயிற்று, ஆகவே மிக அசாதாரணமான வருஷம் தவிர வஜா இல்லை என்பதுதான் விதி. கரிசல் முழுக்கப் புஞ்சை. கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் வானத்தை மட்டும் நம்பி நிற்கிற மானாவாரி. மழை தவறினால் முதலில் காய்வது இந்த நிலம். சர்க்கார் கணக்கில் கடைசியாகத் தெரிவதும் இதே நிலம். கண்மாய் வைத்திருந்தவனின் வறட்சி ஆவணமாயிற்று, கரிசல்காட்டுச் சம்சாரியின் வறட்சி வெறும் காற்றாகப் போயிற்று. 'மழை பெய்யாத ஊர்' என்று இன்று பட்டம் கட்டுகிற அதே அரசு எந்திரம், வரி வாங்கின காலத்தில் மழை பெய்யாததைக் கணக்கில் கொண்டுவரவே இல்லை.

சரி, 'மழை குறைந்த பூமி' என்பதாவது உண்மையா? விருதுநகர் மாவட்டத்தின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 700 முதல் 800 மில்லிமீட்டர் வரை. லண்டனின் சராசரி சுமார் 600 மில்லிமீட்டர். லண்டனை யாரும் வறண்ட பூமி என்று சொல்வதில்லை. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. மிச்ச மாதங்களின் வெயில் அதைக் குடித்துவிடுகிறது. அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்குத்தான் கண்மாய்கள். 'வறண்ட' என்கிற சொல்லுக்குள் வானம் பாதி, கண்மாய் பாதி. கண்மாயைக் கவனிக்காமல் விட்ட கதை அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது.

அகில இந்தியப் பட்டியல்களும் நமக்குப் பொருந்தாது. 'இந்தியாவின் வறட்சி ஆண்டுகள்' என்று பாடப்புத்தகத்தில் வருவது தென்மேற்குப் பருவமழையை வைத்துப் போட்டது. நம்முடையது பிரதானமாக வடகிழக்கு. 2015இல் எல் நினோ. அகில இந்தியப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது, அதே வருஷம் தமிழ்நாடு வெள்ளத்தில் மிதந்தது. 2016இல் அகில இந்தியக் கணக்கு கிட்டத்தட்ட இயல்பு. ஆனால் தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. கண் முன்னால் நடந்ததே டெல்லிக் கணக்கில் இப்படித் தலைகீழாக இருந்தால், 1780க்கும் 1830க்கும் வெளியூர்ப் பட்டியலை வைத்து நம்மூர் வறட்சியைச் சொல்வதற்கு என்ன மதிப்பு? உள்ளூர்க் காகிதத்தை உள்ளூர்ப் பருவத்தோடு வைத்துத்தான் படிக்கணும்.

4

இனி தாது வருஷம். மழை நிஜமாகவே தவறியது. 1876 முதல் 1878 வரை ஆசியா, பிரேசில், ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் வறட்சி. தீப்தி சிங்கும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் பசிபிக் கடல் குளிர்ந்து கிடந்ததையும், 1877-78இன் மிகப்பெரிய எல் நினோவையும், இந்தியப் பெருங்கடல், அட்லாண்டிக் வெப்பநிலைகளையும் சேர்த்து இதை விளக்குகிறது. உலகம் முழுக்க ஐந்து கோடிக்கு மேல் மரணம் என்பது அவர்கள் தரும் கணக்கு. சென்னை மாகாணம் அதில் மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று.

அப்போதே மழைக்கணக்கு மேஜைக்கு வந்துவிட்டது. வில்லியம் ஹன்டர் என்ற சர்க்கார் புள்ளியியல்காரர் 1877இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் மழைக்கணக்கை 1813இலிருந்து எடுத்து வைத்து, சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக்குறையும் பதினோரு வருஷச் சுழற்சியோடு பொருத்திக் காட்டினார். சூரியனில் புள்ளி குறைந்தால் தென்னிந்தியாவில் பஞ்சம் என்பது அவர் வாதம். வெளியே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பழைய வானிலையை ஆவணத்திலிருந்து மீட்டெடுக்கும் முயற்சி நம் மண்ணில் பெரிய அளவில் முதலில் பயன்பட்டது, பஞ்சத்தின் பொறுப்பைச் சூரியன் தலையில் ஏற்றுவதற்குத்தான்.

அதே வருஷம் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரணத்தைச் சிக்கனப்படுத்த அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா போதும் என்றார். மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிர்வாழப் போதாது என்று எழுத்தில் எதிர்த்தார். இதே டெம்பிள்தான் 1874இல் பீகார் வறட்சியின்போது பர்மா அரிசியைக் கொண்டுவந்து இறக்கி, சாவு பெரிய அளவில் நடக்காமல் பார்த்துக்கொண்டவர். அதிகம் செலவழித்துவிட்டார் என்று ஏச்சும் வாங்கினார். பீகாரிலும் வறட்சி, சென்னையிலும் வறட்சி. வேறுபட்டது கொள்கை. இந்த இரண்டையும் 'மழை பொய்த்ததால் பஞ்சம்' என்ற ஒரே வாக்கியத்தில் அடைக்க முடியுமா? காந்திநகர் ஐஐடியைச் சேர்ந்த விமல் மிஸ்ராவும் மற்றவர்களும் 2019இல் 1870 முதல் 2016 வரையிலான மண்ணீர வறட்சியைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பெரும் பஞ்சங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் வறட்சி இருந்தது. 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பின்னால் அது இல்லை. வறட்சி இருந்தும் பஞ்சம் இல்லாமல் போகலாம், வறட்சி இல்லாமலும் பஞ்சம் வரலாம் என்பதைக் கணக்குப் போட்டே காட்ட முடிகிறது. பழைய மழையைத் தனியாக மீட்டெடுத்தால்தான் இந்த வாதத்தை வைக்க முடியும் என்பதைக் கவனியுங்கள்.

லெ ருவா லதூரி எச்சரித்ததும் இதைத்தான். பஞ்சத்தை வைத்து வறட்சியை ஊகித்து, பிறகு அந்த வறட்சியை வைத்துப் பஞ்சத்தை விளக்கினால் அது செக்குமாடு. தானிய விலையும் அப்படித்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1870களில்தான். ரயில் வந்த பிறகு விருதுபட்டிச் சந்தையின் கம்பு விலை பக்கத்துக் காட்டு மழையை மட்டும் சொல்லாது. துறைமுகத்தையும் தூர தேசத்து வியாபாரியையும் சேர்த்துச் சொல்லும்.

ஜனங்களின் பக்கத்து ஆவணத்தைத் தேடியவர்களில் டேவிட் அர்னால்ட் முக்கியமானவர். 1984இல் வந்த சபால்டர்ன் ஸ்டடீஸ் மூன்றாம் தொகுதியில், இந்தச் சென்னைப் பஞ்சத்தின்போது விவசாயிகளின் பிரக்ஞையும் செயலும் எப்படி இருந்தன என்று எழுதினார். மழைச் சடங்குகள், தானியக் கொள்ளைகள் எல்லாம் அங்கே பேசும் சான்றுகளாகின்றன. ஸ்பெயினில் இதை இன்னொரு கோணத்தில் செய்திருக்கிறார்கள். மழை வேண்டித் தேவாலயங்கள் நடத்திய வழிபாடுகள் படிப்படியாகக் கடுமையானவை. கோயிலுக்குள் ஜெபத்தில் தொடங்கி, புனிதத் தலத்துக்கு யாத்திரை போவதுவரை ஐந்து படிகள். எந்தப் படிவரை போனார்கள் என்பதை நகரசபைக் குறிப்பில் பார்த்து வறட்சியின் கடுமையை அளந்துவிடுகிறார்கள். நம்மிடம் மழைக்கஞ்சி இருக்கிறது, கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பது இருக்கிறது. எது முதலில், எது கடைசியில், எத்தனை வாரம் காய்ந்தால் கொடும்பாவி என்று ஊர் ஊராகக் கேட்டு, கிடைக்கிற தேதிகளோடு அடுக்கினால் அது கரிசலின் மழைமானி. நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் சடங்கைச் சேகரித்தார்கள். தேதியைச் சேகரித்தவர்கள் குறைவு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காலநிலை கையில் கிடைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கும் ஆசை வரும். 1899இல் இந்தியாவின் பல பகுதிகளில் பருவமழை தவறிப் பெரும் பஞ்சம். சிவகாசிக் கொள்ளை நடந்ததும் 1899. ஆகவே பஞ்சத்தால் கலவரம் என்று ஒருவர் சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் சிவகாசி தாக்கப்பட்டது ஜூன் 6ஆம் தேதி. அந்த வருஷப் பருவமழை தவறப்போகிறதா என்று தெரிவதற்கே முன்பு. சண்டை நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்தது. சாதியின் காரியத்தை வானத்தின் கணக்கில் எழுத முடியாமல் தடுப்பது இங்கே ஒரு தேதிதான்.

5

இப்போது முதல் பத்தியின் கடைசிச் சொல்லுக்கு வருவோம். 'ஆகவே தீப்பெட்டி, பட்டாசு.' வறண்ட காற்று இருப்பதால் இந்தத் தொழில் இங்கே வந்தது என்கிறார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது கல்கத்தாவிலிருந்து. 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள். கல்கத்தாவின் காற்று வறண்டதா? சுவீடன்காரர்களின் விம்கோ தன் பெரிய தீப்பெட்டி ஆலையை வைத்தது பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத்தில். பருவமழை கொட்டுகிற இடம். ஈரக்காற்றிலும் இந்தத் தொழில் நன்றாகவே நடந்திருக்கிறது, உலர்த்தும் எந்திரம் வைத்திருந்தால். சிவகாசியில் எந்திரத்தின் இடத்தில் வெயில் உட்கார்ந்தது. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் குழாய் உருட்டுவதற்கும் பெண்களின் கையும் பிள்ளைகளின் கையும் உட்கார்ந்தன. ஸ்மிது கோத்தாரி 1983இல் எழுதிய கட்டுரை, விடியும் முன்பே பஸ்ஸில் ஏற்றிவரப்பட்ட அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். வணிகச் சமூகத்தின் மகமைப் பணமும், இறக்குமதித் தீப்பெட்டி மேல் போட்ட வரியும், மலிந்த கூலியும் சேர்ந்து செய்த காரியத்தை வெயில் ஒன்றே செய்ததாக ஆக்கிவிட்டார்கள். வெயில் உதவியது, மறுக்கவில்லை. கூலி கேட்காத எந்திரமாக உதவியது.

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. இந்த மண்ணில் மழையின் அர்த்தம் தலைகீழானது. சம்சாரிக்கு மழை வந்தால் சோறு. பட்டாசுத் தொழிலாளிக்கு மழை வந்தால் வேலை இல்லை. மருந்து காயாது, திரி நமத்துப்போகும். பீஸ் ரேட்டு ஆளுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. ஒரே வீட்டில் மாமியார் மழைக்கு ஏங்க, மருமகள் 'இன்னைக்கும் வெறிக்கலையே' என்று வானத்தைத் திட்டுவாள். மழையின் மேல் இரண்டு வர்க்கங்களின் கண்கள் இருந்தன என்பது போக, ஒரே வர்க்கத்தின் இரண்டு பிழைப்புகள் இருந்தன.

ஆவணம் தேடுகிறவருக்கு இது பெரிய வாய்ப்பு. கூலி நோட்டுகளில், சம்பளச் சிட்டைகளில் 'வேலை இல்லை' என்று கோடு போட்ட நாட்கள் இருக்கும். அந்தக் கோடுகள் மழைக்கணக்கின் எதிர்ப்பக்கம். கண்மாயின் கணக்கையும் கூலி நோட்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் எதிரெதிராக ஓடுகிற இடத்தில் மழையை நம்பலாம். ஒன்றுக்குப் பொய் சொல்ல இருக்கும் காரணம் மற்றதற்கு இருக்காது. சம்சாரி வஜா கேட்டு மழையைக் குறைத்துச் சொல்லலாம். கணக்கப்பிள்ளை கூலியைக் கழிக்க மழையைக் கூட்டி எழுதலாம். இரண்டு பொய்யும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் நடுவில் கொஞ்சம் நிஜம் நிற்கும். அதற்காகக் கோடு போட்ட எல்லா நாளும் மழை நாள் ஆகிவிடாது. பொங்கல், ஊர்க்கொடை, லைசென்ஸ் ரத்து, வேலைநிறுத்தம், வெடிவிபத்து எல்லாவற்றுக்கும் அதே கோடுதான். பக்கத்து ஆலை நோட்டிலும் அதே நாளில் கோடு இருக்கிறதா, திருவிழாத் தேதியா என்று சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விபத்து என்றவுடன் இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வருகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோர். இப்படி வெடிக்கும்போதெல்லாம் மறுநாள் செய்தியில் வருகிற வழக்கமான வாக்கியம், 'மருந்து உராய்வினால் வெடித்தது' என்பது. சித்திரை வைகாசி என்றால் கூடவே 'கடும் வெயில் காரணமாக' என்றும் சேரும். 'மழை பொய்த்தது' போலவே இதிலும் எழுவாய் இயற்கை. ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, உள்குத்தகைக்கு யார் எடுத்திருந்தார்கள் என்பது வாக்கியத்துக்கு வெளியே. வெயிலுக்குப் பங்கு உண்டா என்றால், அதைச் சொல்ல அன்றைய வெப்பநிலையை விபத்துத் தேதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும், வெயில் எவ்வளவு, முதலாளி எவ்வளவு என்று. பார்க்காதவரை எல்லாம் வெயிலின் தலையில்தான் விழும்.

6

இதையெல்லாம் நாம் ஏன் செய்ய வேண்டும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 'வரலாறு காணாத மழை' என்றார்கள். காயல்பட்டினத்துக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரலாற்றைத் திறந்தே பார்க்காதவர்கள் 'வரலாறு காணாத' என்று சொல்லும்போது, இந்த நீர்வழியில் இனி வீடு கட்டலாமா, இந்தக் கலுங்கு போதுமா என்ற கேள்விகளும் கூடவே மூடப்படுகின்றன. காலநிலை மாறுகிறது என்பது நிஜம். எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்ற அளவுகோல் வேண்டும். அது இல்லாத ஊரில் 'காலநிலை மாற்றம்' என்பதும் இன்னொரு 'மழை பொய்த்தது' ஆகிவிடும். கண்மாய்க்குள் பட்டா போட்டவனும் அதே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

காகிதங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. கர்ணம் வீட்டுக் கட்டுகளைக் கரையான் தின்கிறது. ஒவ்வொரு கண்மாய்க்கும் அளவு, மடை, கலுங்கு பற்றி 1883இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட குறிப்பேடுகள் உண்டு. விருதுநகர், சாத்தூர் மண்டிக்கடைகளின் நாள்வழியும் பேரேடும் இருக்கின்றன. பருத்தி அரைக்கிற ஆலைக்கு அந்த வருஷத்து முதல் வண்டி வந்து இறங்கிய தேதி அதில் இருக்கும். அது நம் திராட்சை அறுவடைத் தேதி. தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. மூடிப்போன தீப்பெட்டி ஆலைகளின் கூலி நோட்டுகள் எடைக்குப் போகின்றன.

காகிதத்துக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. கலுங்குக் கல்லின் உயரமே, இந்த அளவுக்கு மேல் தண்ணீர் வரும் என்று எப்போதோ ஒருவர் கண்டு முடிவு செய்ததன் பதிவுதான். 'கண்மாய் மறுகால் போன வருஷம் பொறந்தவன்' என்று சொல்கிற பாட்டியிடம் பிள்ளையின் வயதைக் கேட்டால் வருஷம் வந்துவிடும். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மழைக்கு ஊரில் எத்தனை சொல் இருக்கிறது, எந்தச் சொல் எந்த அளவு மழைக்கு என்று கேட்கலாம். 'ஓர் உழவு மழை' என்றால் ஒருமுறை உழுகிற அளவுக்கு மண் நனைந்தது என்று அர்த்தம். மில்லிமீட்டரைவிடச் சம்சாரிக்கு அது உபயோகமான அளவு.

வேலை சின்னதுதான். ஒரு நோட்டுப் போடுங்கள். கிடைத்த ஒவ்வொரு செய்திக்கும் ஐந்து பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். நடந்த தேதி, அது எந்தக் காலக்கணக்கில் எழுதப்பட்டது என்பதோடு. இடம், இன்றைய மாவட்டப் பெயரால் இல்லாமல் கிராமப் பெயரால். எழுதியவர் கண்ணால் கண்டவரா, கேட்டவரா, பார்த்தெழுதியவரா. எதற்காக எழுதினார், அதனால் யாருக்கு என்ன லாபம். கடைசியில்தான் மழை: பெய்ததா, காய்ந்ததா, எவ்வளவு. நான்கு பத்தியும் நிரம்பாமல் ஐந்தாவதை நிரப்பாதீர்கள். எந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து பத்து வருஷத்துக்கு இப்படி ஒரு நோட்டை நிரப்பினாலும், அந்த ஊரைப் பற்றி 'மழை குறைந்த வறண்ட பூமி' என்று யாரும் இனிப் போகிறபோக்கில் எழுத முடியாது. எந்த வருஷத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.